குப்பைக்கூடையில் கிடக்கும் கணக்கு

இல்லம் காப்போம் – மாதப் பகுதி

 

வெளியூர் புறப்படும்போது வீட்டைப் பூட்டிய பிறகு, பூட்டை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்க்காதவர் நம்மில் இல்லை. நகைப் பெட்டியின் சாவியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்வதில்லை. இத்தனை எச்சரிக்கையுள்ள நாம்தாம், கடையில் அட்டையைக் கொடுத்துப் பொருள் வாங்கியதும் இயந்திரம் துப்பிய சிறு சீட்டைக் கசக்கிக் கடை வாசலிலேயே எறிந்துவிட்டு வருகிறோம். ஏ.டி.எம். அறையில் பணம் எடுத்ததும், மீதி இருப்பைக் காட்டும் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அங்குள்ள கூடையிலேயே போட்டுவிடுகிறோம். பணத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, பணம் இருக்கும் இடத்தைப் பற்றிய குறிப்பை மட்டும் பலர் பார்வைக்கு விட்டுவருவது இது.

கத்திவாக்கம் வாசகர்களை மனத்தில் வைத்தே இந்த மாதம் இதை எழுதத் தோன்றியது. ஒருபுறம் கடல், ஒருபுறம் கொசஸ்தலை ஆறு, நடுவே ஆலைகளும் துறைமுகமும் என அமைந்த ஊர் அது. 1948-இல் எண்ணூரில் தொடங்கிய மோட்டார் தொழிற்சாலை முதல் 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் வரை, பல தலைமுறை உழைப்பாளர்களை அது கண்டிருக்கிறது. தனி நகராட்சியாக இருந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. முன்பு சம்பளம் உறையில் வந்தது. இன்று வங்கிக் கணக்கில் வருகிறது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் கணவரோ மகனோ அனுப்பும் தொகையும் கணக்கில்தான் சேர்கிறது. அதை எடுத்துச் செலவு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டில் இருக்கும் தாய்மார்களிடமே இருக்கிறது. அந்தப் பணத்தைக் காக்கும் முறைகளையும் அவர்களே அறிந்திருப்பது அவசியமல்லவா?

சீட்டில் என்னதான் இருக்கிறது?

அட்டைச் சீட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கடையின் பெயர், ஊர், நாள், மணி, தொகை, எந்த வகை அட்டை, அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், அனுமதி எண் ஆகியவை இருக்கும். சில சீட்டுகளில் அட்டைக்காரரின் பெயரும் இருக்கும். மீதி இலக்கங்கள் நட்சத்திரக் குறிகளாலோ பெருக்கல் குறிகளாலோ மறைக்கப்பட்டிருக்கும். ஏ.டி.எம். சீட்டில் இவற்றோடு, கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் பளிச்சென்று அச்சாகியிருக்கும்.

இப்படி எண்ணை மறைக்கும் வழக்கம் தொடக்கம் முதலே இருந்ததன்று. பலர் ஏமாந்த பிறகே அது வந்தது.

கார்பன் தாளின் காலம்

இந்தியாவுக்குக் கடன் அட்டை வந்தது 1961-இல், டைனர்ஸ் கிளப் மூலம். 1980-இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தன் அட்டையை வெளியிட்டது. அந்நாட்களில் அட்டையின் எண்ணும் பெயரும் மேடாகப் புடைத்திருக்கும். கடைக்காரர் அதை ஓர் இரும்புத் தட்டில் வைத்து, மேலே கார்பன் தாள் இடைவைத்த மூன்று படிவங்களை அடுக்கி, உருளையை ஒருமுறை இப்புறமும் அப்புறமும் இழுப்பார். முழு எண், பெயர், காலாவதி நாள் அனைத்தும் படிவத்தில் பதிந்துவிடும். ஒரு படிவம் வாடிக்கையாளருக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று வங்கிக்கு. கார்பன் தாள் குப்பைக்கு!

அந்தக் கார்பன் தாளைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் முழு எண்ணும் தெரியும். மேலைநாடுகளில் 1980-களில் திருடர்கள் உணவகங்களின் பின்புறக் குப்பைத்தொட்டிகளில் தேடியது இதைத்தான். அந்த எண்ணைத் தொலைபேசியில் சொல்லிப் பொருள்களை வரவழைத்துக்கொண்டார்கள். ஆகவே, கார்பன் தாளைக் கேட்டு வாங்கி உங்கள் கையாலேயே கிழித்துவிடுங்கள் என்று அக்காலத்தில் அங்கே அறிவுரை கூறப்பட்டது.

குப்பையைக் கிளறிச் செல்வம் எடுத்தவர்களில் பெயர்பெற்றவர், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஜெரி ஷ்னைடர் என்ற இளைஞர். பசிபிக் டெலிபோன் நிறுவனம் வெளியே போட்ட குப்பையிலிருந்து அதன் கையேடுகளையும் கொள்முதல் தாள்களையும் எடுத்துப் படித்து, அந்நிறுவனம் தனக்குத்தானே உபகரணங்களைக் கேட்டு எழுதும் முறையை அறிந்துகொண்டார். அதே முறையில் தாமும் கேட்டு வாங்கி, வந்த உபகரணங்களை விற்றுவந்தார். 1972-இல் அவர் கைதானார். பூட்டை உடைக்காமல், சுவர் ஏறாமல், எறிந்த தாளைப் படித்தே அவர் இத்தனையும் செய்தார் என்பது கருதத்தக்கது.

குப்பையில் போட்ட பொருள் சட்டத்தின் கண்ணில் யாருடையது? 1988-இல் கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. தெருவோரத்தில் பையில் கட்டி வைத்த குப்பையை விலங்கும் கிளறலாம், சிறுவரும் கிளறலாம். ஆதலால் அதில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு காவல்துறை சோதனை பற்றியது. நம் நாட்டைக் கட்டுப்படுத்துவதும் அன்று. எனினும் வாசலுக்கு வெளியே போன பிறகு குப்பை நம் கையில் இல்லை என்ற உண்மை எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

பின்னர் 2003-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. மின்னியந்திரம் அச்சிட்டு வாடிக்கையாளரிடம் தரும் சீட்டில், அட்டை எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. காலாவதி நாளும் இருக்கக் கூடாது. அட்டை நிறுவனங்களும் 2004-இல் உலகெங்கும் பொருந்தும் பாதுகாப்பு விதிகளை வகுத்தன. இன்று நம் ஊர்க் கடைச் சீட்டில் நட்சத்திரக் குறிகளைப் பார்க்கிறோம் என்றால், அதன் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

நான்கு இலக்கம் என்ன செய்துவிடும்?

“எண்தான் மறைந்துவிட்டதே, பிறகென்ன பயம்?” என்று சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கணக்கிட்டே பார்ப்போம்.

பெரும்பாலான அட்டைகளின் எண் 16 இலக்கம். அதன் முதல் ஆறு இலக்கங்கள் எந்த வங்கி, எந்த வகை அட்டை என்பதைக் குறிப்பவை. ஒரே வகை அட்டை வைத்திருப்போர் பலருக்கும் அவை பொதுவானவை; எனவே அவற்றை ஊகிப்பது அரிதன்று. கடைசி நான்கு சீட்டிலேயே உள்ளன. எஞ்சுபவை ஆறு இலக்கங்கள். அதாவது 10 லட்சம் வாய்ப்புகள். அட்டை எண்களுக்குச் சரிபார்ப்பு விதி ஒன்று உண்டு. அதற்கு ஒத்துவராதவற்றை நீக்கினால் மிஞ்சுவது 1 லட்சம். மனிதனுக்கு இது பெரிய எண்; கணினிக்கு அன்று.

ஆனாலும் அஞ்சிவிட வேண்டாம். முழு எண் கிடைத்தாலும் காலாவதி நாள் வேண்டும். அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண் வேண்டும். நம் நாட்டுக்குள் இணையத்தில் பொருள் வாங்க, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் போன்ற இரண்டாவது சோதனையும் வேண்டும். இந்த இரண்டாவது சோதனையை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. கடைகளில் டெபிட் அட்டைக்கு ரகசிய எண் அழுத்தும் முறை 2013 டிசம்பரில் வந்தது. காந்தப் பட்டை மட்டும் கொண்ட பழைய அட்டைகளை 2018 இறுதிக்குள் சில்லு பதித்த அட்டைகளாக மாற்ற ஆணையிடப்பட்டது. 2022 அக்டோபர் முதல் இணையக் கடைகள் நம் அட்டை எண்ணைத் தம்மிடம் சேமித்து வைக்கவும் தடை உண்டு. ஆகவே, வெறும் சீட்டை வைத்துக்கொண்டு ஒருவன் நேரே நம் பணத்தை எடுத்துவிட முடியாது.

அப்படியானால் ஆபத்து எங்கே? சீட்டு பணத்தைத் தருவதில்லை. திருடன்மேல் நமக்கு நம்பிக்கையைத் தருகிறது. அதுதான் ஆபத்து.

இப்படி ஓர் அழைப்பு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். “வணக்கம் மேடம், வங்கியின் அட்டைப் பிரிவிலிருந்து பேசுகிறோம். நேற்று மாலை 6 மணி 40 நிமிடத்துக்குத் திருவொற்றியூரில் ஒரு ஜவுளிக் கடையில் 3,450 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் அட்டையின் கடைசி நான்கு எண் இதுதானே? அந்தத் தொகை தவறுதலாக இரண்டு முறை பிடிக்கப்பட்டுள்ளது. திருப்பி அனுப்புகிறோம். இப்போது உங்கள் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்.”

வீட்டில் தனியே இருக்கும் தாய்க்கு எப்படி ஐயம் வரும்? நாள் சரி, கடை சரி, தொகை சரி, எண்ணும் சரி. வங்கியைத் தவிர வேறு யாருக்கு இது தெரியும் என்றே எண்ணுவார். கடை வாசலில் எறிந்த சீட்டுக்கும் தெரியும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. கைப்பேசி எண் எங்கிருந்து கிடைத்தது என்றும் வியக்க வேண்டாம். பல கடைகளின் விற்பனை ரசீதில் நாம் சொன்ன கைப்பேசி எண்ணே அச்சாகிறது. அட்டைச் சீட்டை அதனோடு சேர்த்துப் பின்னடித்தும் தருகிறார்கள். கூரியர் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் பெயர், முகவரி, கைப்பேசி எண் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. பெட்டியைப் பிரித்துப் பொருளை எடுத்துக்கொண்டு, தாளோடு பெட்டியைக் குப்பையில் போடுகிறோம்.

இங்கே இன்னொன்றையும் கருத வேண்டும். அட்டையையே பிறர் திருடி ஏமாற்றினால் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. ஆனால் ஓ.டி.பி. எண்ணை நாமே வாய்விட்டுச் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது என்று 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி கூறியது. மகன் ஈராண்டு பாலைவன வெயிலில் நின்று அனுப்பிய தொகை, ஒரு தொலைபேசி உரையாடலில் போய்விடுவதோடு, “நீங்கள்தானே எண்ணைக் கொடுத்தீர்கள்” என்ற சொல்லையும் அந்தத் தாய் கேட்க நேரும்.

நம் குப்பை எங்கே போகிறது?

மேலைநாட்டில் குப்பைத் தாள் நேரே இயந்திரத்துக்குப் போகலாம். நம் ஊரில் தாளுக்கு ஆயுள் அதிகம். செய்தித்தாள், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், அட்டைப் பெட்டி, பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறோம். காயல்பட்டினத்துச் சகோதரர்கள் சென்னையில் பழம்பொருள் வணிகத்தில் ஈடுபட்டிருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வர். வீணாகப் போவதை விலைப்பொருளாக்கும் நேர்மையான தொழில் அது; அதில் குறைகாண ஒன்றுமில்லை. குறை, எதை விற்கிறோம் என்று பாராமல் விற்கும் நம்மிடம் இருக்கிறது.

காயலான் கடையில் தாள் தரம் பிரிக்கப்படுகிறது. ஒருபுறம் எழுதிய நல்ல தாள்கள் தனியே பொட்டலம் மடிக்கப் போகின்றன. கடற்கரையில் சுண்டலும் கடலையும் வாங்கியவர்கள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் படித்திருப்பார்கள். விடைத்தாள், வங்கிப் படிவம், யாரோ ஒருவருடைய கணக்கு விவரம் எனப் பலவும் அதில் இருக்கும். தின்னும் பண்டத்தை அச்சிட்ட தாளில் மடிப்பது உடல்நலத்துக்கும் கேடு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே இதுபற்றி எச்சரித்தது. நம் கணக்குத் தாள் யார் கையில் பொட்டலமாகப் போகிறது என்பதை நாம் அறிய வழியே இல்லை.

எடைக்குப் போடாதது வண்டியில் ஏறுகிறது. வடசென்னையின் குப்பை கொடுங்கையூர்க் கிடங்கில் சேர்வது. அது போய்ச் சேரும் முன் பல கைகள் அதைப் பிரிக்கின்றன. பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கி வயிறு கழுவும் ஏழைகள் அவர்கள். அவர்களைத் திருடர் என்று எண்ணுவது பெரும் அநீதி. ஊரைத் துப்புரவாக வைப்பவர்மேல் ஐயம் கொள்ளாமல் இருப்பதற்கும் வழி ஒன்றுதான்: ஐயத்துக்கு இடமான தாளை நம் வீட்டைவிட்டு வெளியே அனுப்பாமல் இருப்பது.

ஏ.டி.எம். அறைக் கூடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாதத் தொடக்கத்தில் ஆலைத் தொழிலாளர்களும் வெளிமாநிலத்திலிருந்து வந்து உழைப்பவர்களும் பணம் எடுக்க வரிசையில் நிற்கும்போது, கூடை நிரம்பிச் சீட்டுகள் தரையில் சிதறிக் கிடப்பதைக் காணலாம். யார் கணக்கில் 800 ரூபாய், யார் கணக்கில் 1 லட்சத்து 80 ஆயிரம் என்பது அச்சிட்டபடி கிடக்கிறது. வெளியே நின்று நோட்டமிடும் ஒருவனுக்கு, யாரைப் பின்தொடர வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறதல்லவா? சீட்டு வேண்டுமா என்று இயந்திரம் கேட்கும்போது, வேண்டாம் என்று அழுத்துவதே நலம். கணக்கு விவரம் கைப்பேசிக்குச் செய்தியாக வரும்.

கிழித்தால் போதுமா?

இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கிழித்த தாள் மீண்டும் சேராது என்பதற்கு உறுதியில்லை.

1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றியபோது, உள்ளே இருந்தவர்கள் ரகசியத் தாள்களை இயந்திரத்தில் போட்டு நீளநீளமான இழைகளாக நறுக்கியிருந்தனர். அந்த இழைகளைப் பொறுமையாக ஒன்றோடொன்று பொருத்திப் பல ஆவணங்களை மீட்டெடுத்தார்கள். அவை புத்தகத் தொகுதிகளாகவே வெளிவந்தன. கம்பளம் நெய்வோரின் உதவி இதற்குக் கிடைத்தது என்று கூறுவர். அதேபோல் 1989-இல் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையினர் அவசரத்தில் கையால் கிழித்துப் போட்ட தாள்கள் சுமார் 16,000 மூட்டைகள் இருந்தன. 1995-இல் தொடங்கி, சில நூறு மூட்டைத் தாள்களை மனிதக் கைகளே பொருத்தி முடித்தன.

நம் வீட்டுச் சீட்டுக்கு யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாகக் கிழித்த சீட்டைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். எண்ணும் பெயரும் இருக்கும் வரிகளின் குறுக்கே பலமுறை நறுக்குவதும், துண்டுகளை ஒரே கூடையில் போடாமல் பிரித்துப் போடுவதுமே பயன்தரும்.

அட்டைச் சீட்டுத் தாளுக்கு ஓர் இயல்பு உண்டு. அதில் மை கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சு உள்ள தாள் அது; இயந்திரம் சூடான முனையால் எழுதுகிறது. இதனால் இரண்டு பயன்களை நாம் அறியலாம். முதலாவது, இச்சீட்டை இரண்டு வேண்டாத தாள்களுக்கு இடையே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்தால் சீட்டு முழுவதும் கறுத்து, எழுத்து படிக்க முடியாமல் போகும். இரண்டாவது, பத்திரப்படுத்த வேண்டிய சீட்டு நாளடைவில் தானாகவே மங்கிப்போகும். ஆகவே குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றின் உத்தரவாத ரசீதை வாங்கிய வாரமே நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தாள் சிலவற்றின் பூச்சில் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் இத்தாளில் அதைக் கட்டுப்படுத்தியுள்ளது. ஆகவே சீட்டைக் குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். தொட்ட கையைக் கழுவிவிட்டு உணவைத் தொடுங்கள்.

தாளைத் தெருவில் போட்டு எரித்துவிடலாமே என்று சிலர் எண்ணலாம். அனல்மின் நிலையச் சாம்பலையும் ஆலைப் புகையையும் பல்லாண்டுகளாகச் சுவாசித்துவரும் எண்ணூர், கத்திவாக்கம் மக்களுக்கு, இன்னொரு புகையை வாசலில் மூட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தரிக்கோலே போதும்.

இல்லத்தில் கைக்கொள்ள வேண்டியவை

1. சீட்டைக் கடையிலோ பேருந்திலோ எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கென ஒரு உறையை அலமாரியில் வையுங்கள்.

2. மாதம் ஒருமுறை, வங்கி அனுப்பும் கணக்கோடு அந்தச் சீட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்காத பொருளுக்குப் பணம் போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஒப்பிட்டு முடித்தவற்றை நறுக்கிவிடுங்கள். பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்யவைத்தால் கணக்கும் கற்பார்கள், எச்சரிக்கையும் கற்பார்கள்.

3. சாதாரணத் தாளில் அச்சான வங்கிக் கடிதம், கணக்கு விவரம் ஆகியவற்றை எடைக்குப் போடும் கட்டில் சேர்க்காதீர்கள். நறுக்கி, நீரில் ஊறவைத்துப் பிசைந்து கூழாக்கிவிட்டால் எவராலும் படிக்க இயலாது.

4. காலாவதியான அட்டையைச் சில்லும் காந்தப் பட்டையும் துண்டாகும்படி வெட்டுங்கள். பின்புறத்து மூன்று இலக்க எண்ணும் சிதைய வேண்டும்.

5. கூரியர் பெட்டியின் மேலுள்ள முகவரித் தாளை உரித்தோ, கறுப்பு மையால் நன்றாக அடித்தோ பெட்டியை வெளியே போடுங்கள். மருந்துக் கடை, மருத்துவமனைச் சீட்டுகளுக்கும் இதுவே விதி.

6. ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ நகலெடுக்கும்போது, சரியாக வராத நகலை அங்கேயே விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்கி வாருங்கள். கொடுக்கும் நகலின் குறுக்கே, எந்த நோக்கத்துக்காக, எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் நகலும் இணையத்தில் கிடைக்கிறது. ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள்.

7. வெளிநாட்டு இணையக் கடைகள் பல ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் பிடிக்கக்கூடியவை. அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் நாமே நிறுத்திவைக்கவும், தொகைக்கு வரம்பு கட்டவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் வங்கிகளுக்கு ஆணையிட்டது. தேவையில்லாதவர்கள் இவற்றை நிறுத்திவைப்பதே நலம்.

8. வீட்டிலுள்ள முதியோரிடம் ஒன்றை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிவையுங்கள்: பணம் திரும்பி வருவதற்கு எவருக்கும் எந்த எண்ணையும் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பவர் எத்தனை சரியான விவரம் சொன்னாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும்.

இன்று பலர் அட்டைக்குப் பதில் கைப்பேசியால் கியூ.ஆர். சதுரத்தைப் பிடித்தே பணம் செலுத்துகின்றனர். அங்கே தாள் இல்லை. ஆயினும் நகை, துணி, மருத்துவமனைச் செலவு என்று பெருந்தொகை வரும் இடங்களில் அட்டை நின்றுபோய்விடவில்லை.

வணிகச் சகோதரர்களுக்கு ஒரு சொல்

நம் வாசகர்களில் வணிகர் பலர் இருக்கிறீர்கள். வாடிக்கையாளரின் சீட்டு ஒரு பிரதி உங்களிடம் தங்குகிறது. தகராறு வந்தால் காட்டுவதற்காக வங்கி சொல்லும் காலம் வரை அதைப் பாதுகாக்க வேண்டியது உங்கள் கடமை. அக்காலம் முடிந்ததும் பெட்டியோடு எடைக்குப் போட்டுவிடுவது முறையன்று. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பது அமானிதம் என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். பொருள் மட்டுமே அமானிதமன்று. ஒருவருடைய பெயரும் எண்ணும் கணக்கும் அமானிதமே. கடைப் பையனிடம் “இதைக் குப்பையில் போடு” என்று சொல்லாமல், “இதை நறுக்கிப் போடு” என்று சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. உங்கள் பிரதியில் அட்டை எண் முழுமையாக அச்சாகிறதென்றால், இயந்திரம் தந்த வங்கியிடம் உடனே தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தம் பிரதியை மேசைமேலேயே விட்டுச் சென்றால் அதையும் சேர்த்து நறுக்குங்கள். ரகசிய எண்ணை வாடிக்கையாளர் வாயால் சொல்ல, கடைக்காரர் அழுத்தும் வழக்கத்தையும் அடியோடு நிறுத்த வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் காவலையும் மீறி விவரங்கள் கசிவதுண்டு. 2016-இல் ஏ.டி.எம். இயந்திரங்களை நடத்திய ஒரு நிறுவனத்தின் கணினிகளில் புகுந்த தீயநிரலால், நம் நாட்டில் சுமார் 32 லட்சம் டெபிட் அட்டைகள் ஆபத்துக்குள்ளாயின. அதைத் தடுக்க நம்மால் இயலாது. நம் கையிலிருந்து நழுவும் சீட்டைத் தடுக்க இயலுமல்லவா?

பணம் போய்விட்டால்?

இத்தனைக்குப் பிறகும் தவறு நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். “வீட்டுக்காரர் ஏசுவாரே” என்று அஞ்சி ஒரு நாள் தாமதிப்பதே பெரும் இழப்பாகிவிடும். கணவர்களும் பிள்ளைகளும் இதை உணர்ந்து, ஏமாந்தவரை முதலில் தேற்ற வேண்டும். ஏசுவார்கள் என்ற அச்சமே திருடனுக்குத் துணைநிற்கிறது.

முதலில், வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் அதை நிறுத்திவைக்க முயல்வதற்காகவே அமைந்த எண் அது. முதல் சில மணி நேரமே மதிப்புள்ளது. பிறகு எழுத்து வடிவில் புகார் கொடுத்து நகல் பெறுங்கள். நம் தவறு ஏதுமின்றி மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு ஏதும் சேராது என்று 2017 ஜூலை 6 அன்று வெளியான ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை கூறியது. நாளை எண்ணிக்கொண்டிராமல் அந்த மணிநேரமே தெரிவிப்பதுதான் அறிவுடைமை. வங்கி 30 நாட்களுக்குள் விடைதராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

பிறருடைய கடவுச்சொல், மின்கையொப்பம் போன்ற அடையாளத்தை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. எனினும் தண்டனை கிடைக்கும்போது போன பணமும் கூடவே வந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. வருமுன் காப்பதே நமக்கு ஏற்றது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கைப்பை, கணவரின் சட்டைப்பை, பிரிட்ஜ் மேலுள்ள தட்டு, தையல் பெட்டி ஆகிய நான்கு இடங்களிலும் தேடிப் பழைய சீட்டுகளை ஒன்றுசேருங்கள். எத்தனை சேர்கின்றன என்று பார்த்தால் நீங்களே வியப்பீர்கள். தேவையானவற்றை உறையில் வைத்து, மற்றவற்றைக் கத்தரிக்கோலுக்குக் கொடுங்கள். கால்மணி நேர வேலைதான். பிறகு அக்கம்பக்கத்து வீட்டுச் சகோதரியிடமும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

அடுத்த மாதம், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோரும் பெறுவோரும் கவனிக்க வேண்டியவை பற்றிக் காண்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.